நிலா அந்துப்பூச்சியை அளவுகோலாக வைத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலி: ஒரு மதிப்புரை

பறவை, செடி, வண்ணத்துப்பூச்சி ஆகியவற்றின் பெயரைக் கண்டறிய ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பயன்படுத்துவோர் தமிழ்நாட்டில் இன்று பலர் இருக்கிறார்கள். அந்துப்பூச்சிகளின் பக்கம் வருவோர் குறைவு; அவற்றின் புழுவையும் கூட்டையும் பதிவு செய்வோர் அதனினும் குறைவு. காட்டில் வாழும் ஓர் அந்துப்பூச்சியை முட்டைப் பருவம் முதல் சிறகு விரியும் நாள் வரை அடையாளம் காண இந்தச் செயலி எந்த அளவுக்குத் துணைநிற்கும் என்பதே இந்த மதிப்புரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அதற்கு அளவுகோலாக நான் தேர்ந்தெடுத்தது நிலா அந்துப்பூச்சியை. அறிவியல் பெயர் ஆக்டியாஸ் செலீனி. அழகுக்காக மட்டும் தேர்ந்தெடுக்கவில்லை. சிறகு விரித்த நிலையில் எவரும் தவறவிட முடியாத இந்தப் பூச்சி, புழுவாக இருக்கும் வாரங்களில் தன் நிறத்தையும் உருவத்தையும் மாற்றிக்கொண்டே போகிறது. ஒரே ஒரு படத்தைப் பார்த்துப் பெயர் சொல்லும் எந்தக் கருவிக்கும் இதைவிடக் கடினமான தேர்வு வைப்பது அரிது.

முதலில் செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முதுகலை மாணவர்கள் மூவரின் திட்டப்பணியாகத் தொடங்கிய இது, பின்னர் கலிஃபோர்னிய அறிவியல் கழகத்தின் கீழும், 2017 முதல் அந்தக் கழகமும் நேஷனல் ஜியாகிரஃபிக் சங்கமும் இணைந்து நடத்திய முயற்சியாகவும் வளர்ந்து, 2023இல் தனித்த இலாப நோக்கற்ற அமைப்பாக மாறியது. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை. படத்தைப் பார்த்துத் தானாகவே பெயரை முன்மொழியும் வசதி 2017இல் சேர்க்கப்பட்டது. ஆனால் இந்தச் செயலியின் உயிர்நாடி அந்தத் தானியங்கி வசதி அன்று. ஒருவர் பதிவேற்றும் படத்தை உலகெங்கும் உள்ள மற்றவர்கள் பார்த்து, பெயரை ஏற்கவும் மறுக்கவும் திருத்தவும் முடிகிறதே, அதுதான் இதன் உண்மையான பலம். தானியங்கி முன்மொழிவோடு நிறுத்திக்கொள்பவர் செயலியின் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை என்றே சொல்வேன்.

சிறகு விரித்த பூச்சியிலிருந்து தொடங்கலாம். நிலா அந்துப்பூச்சியின் சிறகுகள் வெளிர் பச்சை. இரண்டு முனைகளுக்கும் இடையே பத்து முதல் பன்னிரண்டு சென்டிமீட்டர் அகலம் இருக்கும். முன்சிறகின் மேல்விளிம்பு நெடுகிலும் கருஞ்சிவப்புக் கோடு ஓடுகிறது. நான்கு சிறகுகளிலும் ஒவ்வொரு கண்புள்ளி. பின்சிறகுகள் நீண்டு, சற்றே முறுக்கிய வால்களாக முடிகின்றன. வாலின் உட்பகுதியில் இளஞ்சிவப்புச் சாயல் படிந்திருக்கும். உடல் வெண்மையான மயிரால் மூடப்பட்டிருக்கும். ஆணின் உணர்கொம்புகள் அகன்ற இறகு போலக் கிளைத்தவை, பெண்ணுடையவை அவற்றைவிட ஒடுங்கியவை. பெண்ணின் வயிறு முட்டைகளால் பருத்துத் தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைக் குன்றுகளிலும், மழை பெய்து ஓய்ந்த இரவுகளில் விடுதிகளின் வெளிவிளக்கைத் தேடி வந்து விடியும் வரை சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சைப் பூச்சி பெரும்பாலும் இதுவே.

இத்தனை தெளிவான அடையாளங்கள் உள்ள பூச்சிக்குச் செயலி உடனே சரியான பெயரை முன்மொழிவதில் வியப்பில்லை. கவனிக்க வேண்டியது, அந்த முன்மொழிவு படத்தை மட்டும் வைத்துச் சொல்லப்படுகிறதா, எடுத்த இடத்தையும் சேர்த்துச் சொல்லப்படுகிறதா என்பதைத்தான். ஆக்டியாஸ் பேரினத்தில் ஒத்த தோற்றம் உடையவை பல உண்டு. இணையத்தில் பச்சை நிறத்தில் வாலோடு எந்த அந்துப்பூச்சியைத் தேடினாலும் முன்னால் வந்து நிற்பது ஆக்டியாஸ் லூனா என்னும் வட அமெரிக்கப் பூச்சி. அது நம் காடுகளில் இல்லை. ஆக்டியாஸ் மீனாஸ் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழ்கிறது. இலங்கையில் காணப்படுவதை 1999இல் ஆக்டியாஸ் டப்ரோபானிஸ் என்று தனி இனமாகவே பிரித்து விவரித்திருக்கிறார்கள். ஆகவே கண்டியில் எடுத்த படத்துக்கும் கொடைக்கானலில் எடுத்த படத்துக்கும் ஒரே பெயரைப் போட்டுவிடக் கூடாது. ஐநேச்சுரலிஸ்ட் தன் முன்மொழிவின் அருகிலேயே, பார்வைக்கு ஒத்திருப்பதால் சொல்கிறதா, அந்த வட்டாரத்தில் எதிர்பார்க்கத்தக்கது என்பதால் சொல்கிறதா என்பதையும் காட்டுகிறது. இந்தச் சிறு குறிப்பை எல்லோரும் படித்தாக வேண்டும். கைபேசியில் இருப்பிட வசதியை அணைத்துவிட்டுப் படம் எடுத்தவர், பதிவேற்றும்போது இடத்தைக் கையால் குறித்துவிட்டுத்தான் முன்மொழிவைக் கேட்க வேண்டும்.

இதே கவனம் இன்னொரு பெரும் அந்துப்பூச்சிக்கும் தேவைப்படுகிறது. நம் செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் அட்லஸ் அந்துப்பூச்சி என்று படம் போடுகின்றனவே, அதில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அட்டாகஸ் டப்ரோபானிஸ் என்னும் இனம். இமயமலைப் பகுதியிலும் வடகிழக்கிலும் வாழும் அட்டாகஸ் அட்லஸ் வேறு. இரண்டையும் படத்தில் பிரித்துச் சொல்வது பழகிய கண்ணுக்கே சிரமம். எடுத்த இடம் அங்கே பாதி விடையைச் சொல்லிவிடுகிறது.

வால்களைப் பற்றி ஒரு சொல். வால் இல்லாமலோ ஒற்றை வாலோடோ இருக்கும் நிலா அந்துப்பூச்சியைப் பார்த்துவிட்டு, இது வேறு இனமோ என்று ஐயப்படுவோர் உண்டு. அமெரிக்காவில் ஜெஸ்ஸி பார்பர் என்னும் ஆய்வாளரின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், லூனா அந்துப்பூச்சிகளை வௌவால்களின் முன் பறக்கவிட்டுப் பார்த்தபோது, வால் உள்ளவை வால் நீக்கப்பட்டவற்றைவிட ஏறத்தாழ 47 விழுக்காடு கூடுதலாகத் தப்பிப் பிழைத்தன. சுழலும் வால்களிலிருந்து திரும்பும் எதிரொலி வௌவாலின் இலக்கை உடலிலிருந்து வாலுக்குத் திருப்பிவிடுகிறது என்பது அவர்களின் விளக்கம். வால் அறுந்த பூச்சி, வேட்டையிலிருந்து மீண்டு வந்த பூச்சியாகவே இருக்கக்கூடும். அப்படிப்பட்டவற்றையும் தயங்காமல் பதிவேற்றலாம்; கண்புள்ளியும் மேல்விளிம்பின் கோடும் தெளிவாகத் தெரிந்தாலே அடையாளத்துக்குப் போதும். சிறகின் மேற்புறம் ஒன்று, உணர்கொம்பு தெரியும்படி அருகில் ஒன்று, முடிந்தால் அடிப்புறம் ஒன்று என்று படங்களை எடுத்து ஒரே பதிவில் சேர்த்துவிட்டால், அடையாளம் சொல்ல வருபவருக்கு ஆண், பெண் என்பதையும் சேர்த்துச் சொல்ல முடியும்.

எளிய பகுதி இத்துடன் முடிகிறது. பெண் பூச்சி இருநூறுக்கு மேற்பட்ட முட்டைகளைச் சிறு சிறு தொகுதிகளாக இடுகிறது. முட்டை ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ளது. வெண்மையின் மேல் பழுப்பும் கறுப்பும் திட்டுத் திட்டாகப் படிந்திருக்கும். ஏறத்தாழ பன்னிரண்டு நாள்களில் அதிலிருந்து வெளிவரும் புழு சிவப்பு நிறத்தில், வயிற்றின் நடுவே கறுப்புப் பட்டையோடு இருக்கிறது. முதல் முறை தோலுரித்த பிறகு கறுப்புப் பட்டை மறைந்து, கறுத்த தலையும் சிவந்த உடலுமாக மாறுகிறது. இரண்டாம் முறை தோலுரித்த பின் வரும் மூன்றாவது பருவத்தில்தான், நாம் படங்களில் பார்த்துப் பழகிய பசுமை அதன் மேல் ஏறுகிறது. முட்டையைப் படம் எடுத்து இதன் பெயர் என்ன என்று எந்தச் செயலியிடம் கேட்டாலும் பயனில்லை. அந்துப்பூச்சிகளின் முட்டைகளில் பெரும்பாலானவற்றைப் படத்தை வைத்துப் பிரித்தறிய முடியாது. இளம் புழுவுக்கும் ஏறக்குறைய இதே நிலைதான். தானியங்கி முன்மொழிவு, தனக்குப் பயிற்சியாகக் கொடுக்கப்பட்ட படங்களைச் சார்ந்தே இயங்குவது. உலகெங்கும் மக்கள் பதிவேற்றும் நிலா அந்துப்பூச்சிப் படங்களில் பெரும்பகுதி சிறகு விரித்தவை. சிவந்த சிறு புழுவின் படங்கள் மிகச் சொற்பம். பயிற்சியில் இல்லாத ஒன்றை இயந்திரம் அறியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. இந்தப் பருவத்தில் முன்மொழிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு வாசகர் ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சிவந்த இளம் புழுவுக்குச் செயலி இனப் பெயரைக் கொடுத்தாலும், பட்டு அந்துப்பூச்சிக் குடும்பம் என்னும் அளவில் நிறுத்திப் பதிவு செய்வதே நேர்மை.

இந்த இடத்தில் உதவிக்கு வருவது புழு எந்த மரத்தில் இருந்தது என்னும் செய்தி. நான் வசிக்கும் சேர்வராயன் மலையடிவாரப் பகுதியில் வேலியோரமெங்கும் ஒதிய மரம் நிற்கிறது. கிளையை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும் என்பதால் வேலிக்கால்களாக நட்ட மரங்கள் அவை. ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று நம் பழமொழி அந்த மரத்தை ஒதுக்கித் தள்ளினாலும், நிலா அந்துப்பூச்சியின் புழுவுக்கு அது விருப்பமான உணவு. மருது இனத்து மரங்களின் இலைகளையும் அது தின்னும். வெளிநாடுகளில் வளர்ப்போர் வில்லோ, ரோடோடென்ட்ரான் போன்ற பல தாவரங்களின் இலைகளைக் கொடுத்தும் வளர்க்கிறார்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் புழுவின் படத்தோடு அது அமர்ந்திருந்த கிளையின் இலையமைப்பு தெரியும் படமும் சேர வேண்டும். அந்த மரத்தைத் தனிப் பதிவாகவும் ஏற்றி, உணவுத் தாவரம் என்னும் புலத்தில் அதன் பெயரைக் குறிக்க வேண்டும். என் மதிப்பீட்டில் இந்தச் செயலியின் மிகச் சிறந்த வசதிகளில் ஒன்று இது. ஆயினும் அது இருப்பதையே பலர் அறியாமல் இருக்கிறார்கள். புழுவை மட்டும் நெருக்கமாக எடுத்து, பின்னணியை மங்கலாக்கிய அழகான படம் சட்டம் போட்டு மாட்ட உதவும். அடையாளம் காண உதவாது.

மூன்றாம் பருவத்திலிருந்து புழு பச்சையாகி, ஒவ்வொரு வளையத்திலும் மஞ்சளும் செம்மஞ்சளுமான மேடுகள் எழுந்து, அவற்றின் உச்சியில் சிறு முட்கள் போன்ற மயிர்கள் நிற்கின்றன. ஐந்தாம் பருவத்தின் முடிவில் அது கைவிரலளவு பருத்துவிடும். இந்நிலையில் குழப்பத்துக்கு வாய்ப்புள்ளது, தசர் என்னும் காட்டுப் பட்டைத் தரும் தசர் பட்டுப்புழுவோடுதான். அதுவும் மருத மரத்தில் வாழ்வது, அதுவும் பச்சை, அதுவும் பருத்தது. ஆனால் தசர் புழுவின் பக்கவாட்டில் வெளிர்மஞ்சள் கோடு ஒன்று நீளவாக்கில் ஓடுகிறது. நிலா அந்துப்பூச்சியின் புழுவில் மேடுகளே முதலில் கண்ணில் படும். இந்தப் பருவத்துக்குச் செயலியின் முன்மொழிவு கைகொடுக்கிறது. வளர்ந்த புழுவின் படங்கள் ஓரளவு சேர்ந்திருப்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

தோலுரிக்கும் நேரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தோலுரிப்பதற்கு முந்தைய நாள் புழு உண்பதை நிறுத்திவிடுகிறது. தான் இழைத்த மெல்லிய பட்டுப் படலத்தின் மேல் பின்கால்களை ஊன்றிக்கொண்டு, முன்னுடலைச் சற்றே தூக்கியபடி அசையாமல் இருக்கிறது. கூர்ந்து பார்த்தால், பழைய தலையின் ஓடு முன்னுக்குத் தள்ளப்பட்டு, உடலுக்குப் பொருந்தாத சிறு தொப்பி போல ஒட்டிக்கொண்டிருப்பதும், அதற்குப் பின்னால் புதிய தலை வீங்கிய கழுத்து போலத் தோலுக்கடியில் உருவாகியிருப்பதும் தெரியும். நிறமும் மங்கி, பளபளப்பு இழந்து காணப்படும். நோயுற்றதென்று எண்ணி இதைத் தொட்டுப் பார்க்கவோ வேறு கிளைக்கு மாற்றவோ கூடாது. பிடிமானம் விட்டுப்போனால் தோல் சரியாகக் கழலாமல் புழு இறந்துவிடக்கூடும். இந்த நிலையில் எடுத்த படத்தைப் பதிவேற்றுவோர், தோலுரிக்கும் நிலை என்று குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், அடையாளம் சொல்பவர் அந்த மங்கிய நிறத்தைக் கண்டு குழம்ப மாட்டார்.

கூட்டை அடையாளம் காண்பது புழுவை அடையாளம் காண்பதைவிடக் கடினம். நிலா அந்துப்பூச்சியின் புழு இலைகளை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவற்றுக்கிடையே பழுப்பு நிறத்தில் மெல்லிய கூடு கட்டுகிறது. இலை உதிரும்போது கூடும் தரையில் விழுந்து சருகோடு சருகாகிவிடுவது உண்டு. தசர் கூடு அப்படியன்று. உறுதியான ஓட்டோடு, கிளையைச் சுற்றிய காம்பு ஒன்றில் தொங்கும். காம்பு இருக்கிறதா, ஓடு கெட்டியா, இலை ஒட்டியிருக்கிறதா என்ற மூன்றையும் படத்தில் காட்டிவிட்டால் இந்த இரண்டையும் பிரித்துவிடலாம். அதற்கு மேல் கூட்டின் படத்தை மட்டும் வைத்து இனத்தை உறுதி செய்ய முயலாமல், பூச்சி வெளிவரும் வரை பொறுத்திருப்பதே முறை. மரத்தடியில் சருகைக் கூட்டித் தீ வைக்கும் வழக்கமுள்ள தோட்டங்களில் இந்தக் கூடுகள் எத்தனை அழிந்துபோகின்றனவோ என்ற எண்ணம் எனக்கு எப்போதும் உண்டு.

கூட்டிலிருந்து பூச்சி வெளிவருவதற்கு முன் உள்ளே சுரண்டும் ஓசை கேட்கும். வெளிவந்ததும் அது நனைந்த உடலோடு, சுருங்கிய சிறு சிறகுகளை இழுத்துக்கொண்டு மேலே ஏறி, சிறகு கீழ்நோக்கித் தொங்கும்படியான ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்கிறது. பின்பு உடலின் நீர்மம் சிறகின் நரம்புகளுக்குள் பாய, சிறகு விரிகிறது. வால்கள் கடைசியில்தான் நேராகின்றன. விரிந்த பிறகும் உடனே பறக்காது. உலர்ந்து கெட்டிப்படும் வரை அங்கேயே தொங்கும். ஏறித் தொங்க இடமில்லாத கண்ணாடிப் புட்டியில் கூட்டை வைத்திருந்தால் சிறகு மடிந்து ஊனமாகிவிடும். கூட்டை எடுத்து வைப்பவர்கள் உள்ளே ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வைப்பது அவசியம். வளர்ந்த பூச்சிக்கு இயங்கும் வாயுறுப்பு கிடையாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பைக் கொண்டே ஏறத்தாழ ஒரு வாரம் வாழ்ந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. ஆகவே தேனோ சர்க்கரை நீரோ வைத்துக் காப்பாற்ற முயல்வது வீண். அன்றிரவே வெளியில் விட்டுவிடுவதுதான் அதற்குச் செய்யும் உதவி.

இத்தனை பருவங்களையும் பதிவு செய்வதற்கு ஐநேச்சுரலிஸ்ட் வைத்திருக்கும் முறை நன்றாகச் சிந்திக்கப்பட்டது. ஆனால் புதியவருக்கு அது எளிதில் விளங்குவதில்லை. ஒரு பதிவு என்பது ஓர் உயிரினம், ஒரு நேரம், ஓர் இடம். திங்களன்று பார்த்த புழுவும் மூன்று வாரம் கழித்து அதே புழு கட்டிய கூடும் இரண்டு தனித்தனிப் பதிவுகள். ஒவ்வொன்றிலும் வாழ்நிலை என்னும் குறிப்பில் முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த பூச்சி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையதளத்தின் வழியாக இதைச் செய்வது எளிது. பலர் இப்படிக் குறித்ததன் பயன், இனத்தின் பக்கத்தில் உள்ள வரைபடத்தில் தெரிகிறது. எந்த மாதத்தில் புழு, எந்த மாதத்தில் சிறகு விரித்த பூச்சி என்பது அங்கே ஒரே பார்வையில் கிடைக்கும். நம் பகுதியிலிருந்து புழுப் பதிவுகள் குறைவாக இருப்பதால், அந்த வரைபடம் நம் மழைக்காலத்துக்கு ஏற்ப இன்னும் முழுமை பெறவில்லை. இனிப் பதிவு செய்பவர்கள்தான் அதை நிறைவு செய்ய வேண்டும்.

புழுவை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். காட்டில் புழுவைக் கண்ட இடமும் நாளும் இயற்கைப் பதிவாகும். வீட்டில் கூட்டிலிருந்து வெளிவந்த பூச்சியைப் பதிவேற்றும்போது அது வளர்க்கப்பட்டது என்று குறிக்க வேண்டும். முதல் பதிவின் இணைப்பை இரண்டாவதில் கொடுத்துவிட்டால் இரண்டும் ஒரே உயிர் என்பது எவருக்கும் விளங்கும். அப்படிக் குறிக்காமல் விட்டால், மலையில் பிறந்த பூச்சி நகரத்துக் குடியிருப்பில் இயற்கையாகப் பறந்ததாகத் தரவில் ஏறிவிடும். அந்தத் தரவு இந்தச் செயலியோடு நின்றுவிடுவதில்லை. உரிய உரிமத்தோடு உள்ள உறுதி செய்யப்பட்ட பதிவுகள் உலகப் பல்லுயிர்த் தரவு வசதிக்குச் சென்று, ஆய்வாளர்களின் கைக்குப் போய்ச் சேர்கின்றன.

உறுதி செய்யப்படுவது எவ்வாறு என்பதிலும் நுட்பம் இருக்கிறது. பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒரே இனத்தை ஏற்றால், நாள், இடம், படம் ஆகியவை சரியாக உள்ள பதிவு ஆய்வுத் தரத்தைப் பெறுகிறது. இருவர் மட்டுமே பார்த்திருந்தால் இருவரும் ஒத்துக்கொண்டாலே போதும். இதனால், யாரோ ஒருவர் பெயரைச் சொன்னவுடன் நன்றி தெரிவிக்கும் எண்ணத்தில் ஏற்கிறேன் பொத்தானை அழுத்துவது பெருந்தீங்கு. பெயரை ஏற்பது நன்றி சொல்வது ஆகாது; இந்த இனத்தை நானும் தனியாக அடையாளம் கண்டேன் என்று சாட்சி சொல்வது ஆகும். நன்றியைக் குறிப்புப் பெட்டியில் எழுதலாம். அந்துப்பூச்சிகளில் பெயர் சொல்லத் தகுந்தோர் குறைவு என்பதால், சில பதிவுகள் நெடுநாள் விடையின்றிக் கிடக்கும். நிலா அந்துப்பூச்சி போன்ற புகழ்பெற்றவற்றுக்கு அந்தக் காத்திருப்பு பொதுவாகத் தேவைப்படாது. ஐயத்தோடு பதிவேற்றும்போது அந்துப்பூச்சி வரிசை என்றோ பட்டு அந்துப்பூச்சிக் குடும்பம் என்றோ பொதுவாகப் பெயரிட்டால், அந்தக் குடும்பத்தைக் கவனித்துவருபவரின் பார்வைக்கு அது விரைவில் சென்று சேரும்.

இருப்பிடத்தை மறைக்கும் வசதியை நான் இந்தச் செயலியின் பெருமைகளில் ஒன்றாகக் கருதுகிறேன். மங்கலாக்கு என்று தேர்ந்தெடுத்தால், உண்மையான இடத்துக்குப் பதிலாக அதைச் சூழ்ந்த 0.2 பாகை அளவுள்ள கட்டத்துக்குள் எங்கோ ஒரு புள்ளி மட்டும் பிறருக்குத் தெரியும். பூமத்திய ரேகைக்கு அருகே அக்கட்டத்தின் ஒரு பக்கம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர். பெரிய, அழகான அந்துப்பூச்சிகளைப் பதப்படுத்தி விற்கும் வாணிபம் உலகில் இருப்பதால், கூடுகள் மிகுந்த மரத்தின் துல்லியமான இடத்தை வெளியிடாமல் இருப்பது நல்லது. தம் வீட்டுத் தோட்டத்திலேயே படம் எடுப்பவர்களும், குறிப்பாகப் பெண்களும் சிறுவர்களும், இந்த வசதியை இயல்பாகவே பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மாற்றுகளையும் பார்த்துவிடுவோம். கூகுள் லென்ஸ் விரைவானது. ஆனால் அது இணையத்தில் உள்ள ஒத்த படங்களை முன்னால் கொண்டுவந்து வைப்பது, அந்தப் படத்தை யார் சரிபார்த்தார்கள் என்பதைச் சொல்லாதது. முதல் குறிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம், முடிவுக்குப் பயன்படுத்தலாகாது. ஐநேச்சுரலிஸ்ட் அமைப்பே வெளியிட்டுள்ள சீக் என்னும் செயலியில் கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. இணைய இணைப்பு இல்லாத மலைப்பகுதியிலும் அது இயங்குகிறது. பள்ளி மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன். ஆனால் அதில் மற்றவர்களின் சரிபார்ப்பு இல்லாததால், புழுவுக்கும் கூட்டுக்கும் அது போதாது. படங்களைத் தாமே ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோருக்கு மாத்ஸ் ஆஃப் இந்தியா என்னும் இணையதளம் இன்றியமையாதது. இந்திய இனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இனம் இனமாகப் படங்களையும், கிடைத்த அளவுக்கு இளம்பருவங்களையும் உணவுத் தாவரங்களையும் அது தொகுத்துத் தருகிறது. ஐநேச்சுரலிஸ்ட் முன்மொழிந்த பெயரை அங்கே சென்று ஒரு முறை சரிபார்த்துவிட்டுப் பதிவு செய்வதை வழக்கமாக்கிக்கொண்டால், தவறுகள் பெருமளவு குறைந்துவிடும்.

செயலியின் பயன் முழுமையாகக் கிடைக்கச் சில நடைமுறைகளும் தேவை. ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் இரவில் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்துப்பூச்சி பார்க்கவே வந்தேன் என்பது அங்கே விடையாகாது. ஊர் எல்லையிலும் தோட்டத்திலும் வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கு வைத்துப் பார்ப்பவர்கள், பார்த்து முடித்தவுடன் விளக்கை அணைத்துவிட வேண்டும். ஒரு வாரமே வாழும் பூச்சி ஓர் இரவை நம் விளக்கடியில் கழித்தால் அதன் இணை தேடும் காலத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. நிலா அந்துப்பூச்சியின் புழு கொட்டாது. ஆனால் அதே மரத்தில் கொட்டும் மயிர்ப்புழுக்களும் முட்புழுக்களும் இருக்கக்கூடும் என்பதால், பெயர் உறுதியாகும் வரை எந்தப் புழுவையும் வெறுங்கையால் தொடாமல், கிளையோடு சேர்த்துப் படம் எடுப்பதே பாதுகாப்பு.

அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2012இல் தொடங்கி, இப்போது பல நாடுகளில் ஜூலை மாதக் கடைசி வாரத்தில் கடைப்பிடிக்கப்படும் தேசிய அந்துப்பூச்சி வாரத்தை ஒட்டி ஐநேச்சுரலிஸ்ட்டில் தனித் திட்டப்பக்கம் திறக்கப்படுவது வழக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் தென்மேற்குப் பருவமழை பெய்யும் நேரம் அது. புதிதாகத் தொடங்குபவர் அந்த வாரத்தில் கணக்குத் தொடங்கினால், பெயர் சொல்லத் தகுந்தவர்கள் பலர் ஒரே நேரத்தில் தளத்தில் இருப்பார்கள். விடையும் விரைவில் வரும். அதற்கு முன்பே, தம் வேலியில் நிற்கும் ஒதிய மரத்தையும் தெருவோர மருத மரத்தையும் பதிவு செய்து, இலைகளின் அடிப்பக்கத்தை ஒரு முறை திருப்பிப் பார்த்துவைத்தால், அந்த வாரத்தில் எங்கே தேடுவது என்பதும் தெரிந்திருக்கும்.